ஏதாச்சும் வந்துச்சா?

எங்க வீட்டுக்காரருக்கு ஆபீஸ்ல வச்ச பேரு சைபர். எனக்கு அது ரொம்ப நாள் தெரியாது. ஒருநாள் டிபன் டப்பாவை மறந்துட்டுப் போயிட்டாரேன்னு எடுத்துக்கிட்டுப் போனேன். கேட்ல இருந்த ஆளு யாரைப் பாக்கணும்னு கேட்டான். அவரு பேரைச் சொன்னேன், முழிச்சான். பூவைப் பாக்குற வேலை பண்றாரேன்னு சொன்னேன். "அட, நம்ம சைபர் வீட்டம்மாவா! முன்னாடியே சொல்றதில்லையா? நேரா போயி இடது பக்கம் திரும்புங்க"ன்னு பல்லைக் காட்டுனான். எனக்கு மூக்கு மேல வந்துச்சு கோவம். "உனக்கு உள்ள என்ன பேரு வச்சிருக்காங்கன்னு விசாரிச்சுட்டு வந்து சொல்றேன், இரு"ன்னு சொல்லிட்டுத்தான் உள்ள போனேன்.

ஏன் அந்தப் பேருன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சுது. ஆராய்ச்சி நிலையத்துக்குப் பின்னாடி கம்பி வேலி போட்ட ஒரு துண்டு நிலம். முழங்கால் உசரத்துக்குப் புதர். புதர் நிறைய ஊதாவும் வெள்ளையுமா பொடிப்பொடிப் பூ. மோந்து பாத்தா ஒரு வாசனையும் கிடையாது. அதுக்கு முன்னாடி ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், ஸ்டூல்ல என் வீட்டுக்காரரு. மடியில ஒரு அட்டை, அட்டையில ஒரு தாள், தாள் பூரா கட்டம். எந்தப் பூவுக்கு என்ன பூச்சி வந்துச்சு, எத்தனை தடவை வந்துச்சுன்னு அந்தக் கட்டத்துல எழுதணும். அவரு எழுதுன அத்தனை கட்டத்துலயும் சைபர். காலையில பூ விரியுறதுலேர்ந்து வெயில் ஏறி வாடுற வரைக்கும், மனுஷன் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு உக்காந்து சைபர் போட்டுக்கிட்டிருந்தாரு. நான் பின்னாடி போயி நின்னேன், திரும்பக்கூட இல்ல.

"இதுக்கா சம்பளம் குடுக்குறாங்க?"ன்னு கேட்டேன்.

"மெல்லப் பேசு. வர்றதும் வராமப் போயிடும்"னாரு.

அதுக்கு முன்னாடி அவரு துணி மில்லுல தறி பாத்தவரு. ஓடுற தறியில நூல் அறுந்தா நிறுத்தணும், அறாட்டி பாத்துக்கிட்டே நிக்கணும், அதான் வேலை. மில்லை மூடிட்டாங்க. நிலையத்துல குழி வெட்ட ஆள் எடுக்குறாங்கன்னு போனாரு. இவரு சாப்பாட்டு நேரத்துல அசையாம உக்காந்து ஒரே இடத்தைப் பாத்துக்கிட்டிருந்ததை, அந்தப் பூவை ஆராய்ச்சி பண்ற டாக்டரம்மா கவனிச்சிருக்காங்க. மண்வெட்டியை வாங்கி வச்சுட்டு ஸ்டூலைக் குடுத்துட்டாங்க.

என் நாத்தனாருக்கு இதுல சிரிப்பு தாங்காது. "எங்கண்ணன் அங்க போயி ஈ ஓட்டுறான், அண்ணி"ம்பா. "ஈ ஓட்டணும்னா முதல்ல ஈ வரணுமேடி, அதுவே வரலையாம்"னு நான் சொல்லுவேன். ரெண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிப்போம். அவரு காதுல விழாத மாதிரி ரேடியோவைத் திருகிக்கிட்டு இருப்பாரு.

டாக்டரம்மான்னா ஊசி போடுறவங்க இல்ல. அது தெரியாம, அவங்க முதல் தடவை வீட்டுக்கு வந்தப்ப நான் முழங்கால் வலிக்கு மாத்திரை கேட்டுட்டேன். "நான் பூவுக்குப் படிச்சவக்கா, மனுஷங்களுக்கு இல்ல"ன்னு அந்தப் பொண்ணு சிரிச்சுச்சு. என் கடைசித் தங்கச்சி வயசு இருக்கும். நான் வீட்டுல மிஷின் போட்டுத் தைக்கிறவ, அதனால என்னைத் தேடி வந்துச்சு. நெட்டுத் துணியில சின்னச் சின்னச் சுருக்குப்பை வேணும்னு கேட்டுச்சு, கட்டைவிரல் நுழையுற அளவுக்கு. யாருக்குன்னேன். பூவுக்குன்னுச்சு. "பூவுக்கு எதுக்கும்மா பை? சளி பிடிச்சுடுமா?"ன்னு கேட்டேன். அப்பத்தான் உக்காந்து எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துச்சு.

மொட்டா இருக்கும்போதே சில பூவுக்குப் பையைப் போட்டுக் கட்டிடணுமாம், எந்தப் பூச்சியும் கிட்ட வர முடியாது. சிலதை அப்படியே திறந்து விட்டுடணும். இன்னும் சிலதுக்கு அந்தப் பொண்ணே வேற செடியோட பூவுலேர்ந்து மகரந்தத்தைச் சின்ன பிரஷ்ல எடுத்துட்டு வந்து தடவும். தன் செடி மகரந்தத்துக்கு இந்தப் பூ காய்க்காதாம், அடுத்த செடியோடது வேணுமாம். அப்புறம் எதுல காய் பிடிக்குதுன்னு பாக்கணும். பை போட்டது காய்க்காது. பிரஷ் தடவுனது காய்க்கும், அப்ப செடிக்கு ஒரு குறையும் இல்ல. திறந்து விட்டது காய்ச்சா, யாரோ வந்துட்டுப் போயிருக்காங்கன்னு அர்த்தம். வருஷாவருஷம் திறந்து விட்டது மட்டும் காய்க்கவே இல்ல.

அந்த யாரோவை அவங்க ரெண்டு பேரும் விருந்தாளின்னு சொல்லுவாங்க. உடம்பு பூரா ரோமம் அடர்ந்த ஒரு குட்டித் தேனீ. கூட்டமா இருக்காதாம், தேனும் குடுக்காதாம், மண்ணுல ஓட்டை போட்டுத் தனியாக் குடியிருக்குமாம். அதை விட்டா இந்தப் பூவுக்கு வேற நாதி இல்ல. என் வீட்டுக்காரரு அதைப் பாத்ததெல்லாம் ஆபீஸ் அலமாரியில, கண்ணாடிப் பெட்டிக்குள்ள, ஊசி குத்தி வச்சிருந்ததைத்தான். உசிரோட ஒரு தடவை பாத்துடணும்னு கிடந்தாரு.

அதுக்காக அவரு பண்ண அட்டகாசம் கொஞ்சநஞ்சமா! வாசனை சோப்பு போடக் கூடாது, விருந்தாளி மிரண்டுடும். தலைக்கு எண்ணெய் கூடாது, பவுடர் கூடாது. அவரு சட்டையைத் துவைக்கிற சோப்புத்தூள்லகூட மணம் இருக்கக் கூடாது. சரி, சட்டையாச்சும் நல்லதாப் போட்டாரான்னா அதுவும் இல்ல. பளிச்சுனு நிறம் இருந்தா ஆகாதுன்னு எல்லாம் மண்ணு நிறம். ஊருக்கே விதவிதமாத் தைச்சுக் குடுக்குறவ புருஷன் சாக்குப்பை நிறத்துல போறாரேன்னு எனக்கு அவமானமா இருக்கும். "பூச்சிக்கு மாப்பிள்ளை பாக்கப் போற மாதிரி எவ்வளவு பத்தியம்!"னு கத்துவேன். அவரு பாட்டுக்கு அந்தச் சட்டையையே மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுவாரு.

சாயந்திரம் அவரு செருப்பு கழட்டுற சத்தம் கேட்டதும், மிஷின்லேர்ந்து தலையைத் தூக்காமலே கேப்பேன்.

"ஏதாச்சும் வந்துச்சா?"

"இல்ல."

இது எங்க வீட்டுல சாப்பிட்டாச்சான்னு கேக்குற மாதிரி ஆயிடுச்சு. பதில் தெரிஞ்சேதான் கேப்பேன். ஆனா அந்த "இல்ல" வருஷத்துக்கு வருஷம் மெலிஞ்சுக்கிட்டே போச்சு. ஒருநாள் பொறுக்க மாட்டாம, "ஒரே ஒரு கட்டத்துல ஒண்ணுன்னு போட்டுடுங்களேன், என்ன குடியா முழுகிடும்? அந்தப் பொண்ணுக்கும் சந்தோஷமா இருக்கும்"னேன். நான் யாரையோ கொலை பண்ணச் சொன்ன மாதிரி பாத்தாரு.

போன வருஷம் பூக்குற காலம் வர்றதுக்கு முன்னாடி நிலையத்து இயக்குநர் டாக்டரம்மாவைக் கூப்பிட்டு முடிவாச் சொல்லிட்டாரு. வராத பூச்சிக்கு எத்தனை வருஷம் காத்திருக்கிறது? இந்தத் தடவை திறந்து விட்ட பூவுல காய் பிடிச்சா நிலம் இருக்கட்டும், இல்லாட்டி சமப்படுத்தி வண்டி நிறுத்த இடம் பண்ணப் போறோம்னாரு. அந்தப் புதர் வேற எங்கயும் இருக்கிறதாத் தெரியல. பிடுங்கி வேற இடத்துல நட்டா நிக்காது, பண்ணிப் பாத்துட்டாங்க. அன்னைக்கு இவரு வீட்டுக்கு வந்து இதைச் சொன்னாரு. "இந்தத் தடவை வந்துடணும்டி"ன்னாரு. மாசமா இருக்கிற பொண்ணை ஆஸ்பத்திரிக்குள்ள விட்டுட்டு வெளிய நிக்கிறவரு மாதிரி நின்னாரு.

கஷ்டகாலம், அதே சமயம் பாத்து வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த பழைய விடுதிக் கட்டடத்தை இடிக்க ஆரம்பிச்சாங்க. எங்க பாத்தாலும் புழுதி. சாயந்திரம் இவரு வந்து, "மெத்துனு ஒரு துணி இருந்தாக் குடு. பூ கிழியக் கூடாது, அவ்வளவு மெத்துனு இருக்கணும்"னு கேட்டாரு.

"எதுக்கு?"

"பூ மேல தூசி படிஞ்சு கெடக்கு. பையில இருக்கிறது தப்பிச்சுது, திறந்து விட்டதுதான் சாம்பல் பூத்துக் கெடக்கு. விருந்தாளி வந்தா அதுக்குப் பூ அடையாளமே தெரியாது. காலையில போனதும் தொடைச்சு விடலாம்னு பாக்குறேன்."

யாரோ குஷன் தைக்கக் குடுத்த அரக்கு நிற வெல்வெட்டுல ஒரு துண்டு மிச்சம் இருந்துச்சு. கன்னத்துல தேய்ச்சுப் பாத்தாரு. சின்னப் பிள்ளைக்கு மாதிரி முகம் மலர்ந்துடுச்சு. என் பொத்தான் டப்பா ஒண்ணைக் காலி பண்ணி அதுக்குள்ள துணியை மடிச்சு வச்சுக்கிட்டாரு. நடுவுல ஒருநாள் குடுங்க, அலசித் தர்றேன்னேன். சோப்பு மணம் ஒட்டிக்கும்னு தர மாட்டேன்னுட்டாரு. விடியுறதுக்குள்ள கிளம்பிப் போயி, டாக்டரம்மா வர்றதுக்கு முன்னாடி ஒவ்வொரு பூவா ஒத்தி எடுத்துட்டு, அப்புறமா ஸ்டூல்ல உக்காருவாரு. கட்டத்துல சைபர் போடுவாரு.

"ஏதாச்சும் வந்துச்சா?"

"இல்ல."

பூ எல்லாம் உதிர்ந்துச்சு. எனக்கு நம்பிக்கை விட்டுப்போச்சு. வேற என்ன வேலைக்குப் போகலாம்னுகூட நான் பேச்சை எடுத்தேன். அப்பத்தான் ஒரு மத்தியானம், வேலை நேரத்துல, செருப்பு கழட்டுற சத்தமே இல்லாம வீட்டுக்குள்ள ஓடி வந்தாரு. செருப்புக் காலோட நடுக்கூடத்துல நிக்கிறாரு. மூச்சு வாங்குது. எனக்கு உசிரே போயிடுச்சு, யாருக்கு என்ன ஆச்சோன்னு.

"வந்துடுச்சுடி!"

"என்ன வந்துடுச்சு?"

"காய் பிடிச்சிருக்கு! திறந்து விட்டதுல! பை போட்டதுல ஒண்ணுமில்ல, திறந்து விட்டதுல செடிக்குச் செடி காய்! வந்துட்டுப் போயிருக்குடி!"

அந்த மனுஷன் என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாரு. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நான் அதைப் பாத்ததில்ல. எனக்கும் அழுகை வந்துடுச்சு. எதுக்கு அழறோம், ஒரு பூச்சிக்கு. இருந்தாலும் அழுதோம்.

அப்புறம் சாப்பிடும்போது அவருக்கே ஒரு குறை. "தினமும் காலையிலேர்ந்து உக்காந்திருந்தேனே, ஒண்ணுகூட என் கண்ணுல படலையே. நாங்க பாக்காத நேரத்துல வந்திருக்கும்னு டாக்டரம்மா சொல்லுது. நான் எந்திரிச்சு வீட்டுக்கு வர்றதுக்குக் காத்திருந்துச்சோ என்னமோ."

"உங்க மூஞ்சியைப் பாத்தா யாரு வருவா? நான் ஒருத்திதான் ஏமாந்து வந்தேன்"னேன். விழுந்து விழுந்து சிரிச்சாரு. எங்க வீட்டுல கடைசியா அப்படிச் சத்தமாச் சிரிச்சது அன்னைக்குத்தான்.

டாக்டரம்மா அறிக்கை எழுதி மேல குடுத்துச்சு. நிலத்தை விட்டுடலாம்னு இயக்குநரும் வாயால சொல்லிட்டாரு. அடுத்த வருஷம் கேமரா வச்சு ராத்திரி பகலாப் பாக்கப் போறோம்னு சொல்ல, ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் கையுமா அந்தப் பொண்ணு எங்க வீட்டுக்கு வந்துச்சு. நான் டீ போட்டேன். என் மிஷின் ஸ்டூல்லயே உக்காந்துக்கிச்சு. ஏதோ எங்க வீட்டுக் கல்யாணம் பேசி முடிச்ச மாதிரி மூணு பேரும் இருந்தோம்.

என் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியல. "டாக்டரம்மா, இந்தத் தடவை விருந்தாளி ஏன் வந்துச்சு தெரியுமா? நான் அவ்வளவு சுத்தமா வச்சிருந்தேன்"னு சொல்லிக்கிட்டே, சட்டைப்பையிலேர்ந்து பொத்தான் டப்பாவை எடுத்துத் திறந்து நீட்டுனாரு. "ஒரு பூ விடல. தினம் காலையில தூசியை ஒத்தி எடுத்துட்டுத்தான் உக்காருவேன். சொல்லக் கூடாது, என் பொண்டாட்டி குடுத்த துணிதான்."

அந்தப் பொண்ணு சிரிச்சுக்கிட்டே வாங்குச்சு. துணியைப் பிரிச்சுச்சு. எந்திரிச்சு ஜன்னல் பக்கம் போயி வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்துச்சு. அரக்கு வெல்வெட்டுல மயிருக்கு மயிர் மஞ்சளாப் பொடி ஏறியிருந்துச்சு.

"அண்ணே, ஒரு செடி முடிச்சுட்டு அடுத்த செடிக்கும் இதே துணியா?"

"ஆமாம்மா. இதை விட மெத்துனு எங்க கிடைக்கும்?"

"பூவோட நடுவுல பட்டுச்சா?"

"இல்லம்மா, இதழை மட்டும்தான். நடுவுல நான் தொடவே…" சொல்லிக்கிட்டே வந்தவரு நிறுத்திட்டாரு. துணியைப் பாத்தாரு. அப்புறம் தன் விரலைப் பாத்தாரு. முகம் செத்துப்போச்சு.

"அப்ப வரலையாம்மா?"ன்னு கேட்டாரு. "அது வரவே இல்லையா?"

அந்தப் பொண்ணு இல்லன்னு தலையாட்டுச்சு.

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆச்சு. அவங்க பிரஷ்ல பண்றதை இவரு வெல்வெட்டுல பண்ணியிருக்காரு. ரோமம் அடர்ந்த குட்டித் தேனீ பண்ற வேலையை, இவரு தினம் விடியக்காலையில செடிசெடியாக் குனிஞ்சு பண்ணியிருக்காரு. வந்துட்டுப் போன விருந்தாளி இவருதான். விளங்குனதும் எனக்கு ஆத்திரம் பொத்துக்கிட்டு வந்துச்சு. யாரு மேலன்னு தெரியல.

"சரி, அதுக்கு என்ன இப்ப?"ன்னு கத்துனேன். "நம்ம மூணு பேருக்குத்தானே தெரியும்? துணியை அடுப்புல போட்டாப் போச்சு. அடுத்த வருஷம் நிஜமாவே வந்தாலும் வரும். அதுக்குள்ள நிலத்தைப் பறிகுடுக்கணுமா? ஊர்ல எவனெவனோ என்னென்னமோ எழுதுறான்!"

அந்தப் பொண்ணு வேண்டாம்னு சொல்லல. அதைச் சொல்லணும். டம்ளரைக் கையில வச்சுக்கிட்டு, "ஒரு வருஷம் கிடைக்கும்க்கா. ஒரு வருஷம்"னு மட்டும் சொல்லிச்சு. கண்ணு ரெண்டும் கலங்கியிருந்துச்சு. அதுக்கும் அந்த நிலம் உசிரு.

என் வீட்டுக்காரரு தரையில உக்காந்திருந்தாரு. தலையை நிமித்தி, "திருத்திடுங்கம்மா. சைபர் போடுங்க"ன்னாரு.

"உங்களுக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா?"ன்னேன்.

"இல்லடி. இத்தனை வருஷம் உக்காந்து, வரல, வரலன்னு எழுதினேன். அது வராமப் போனதை உக்காந்து பாத்தவன் நான் ஒருத்தன். இப்ப நானே வந்துச்சுன்னு சொல்லிட்டா, அது இருக்குன்னு எல்லாரும் நிம்மதியாப் போயிடுவாங்க. அது இல்லன்னு சொல்றதுக்குக்கூட ஆளு இருக்காது."

அதுக்கு மேல என்னால வாதாட முடியல. வாதாடினேன், வாய் ஓயல, ஆனா அவரு கேக்கல.

டாக்டரம்மா மறுநாள் அறிக்கையைத் திருப்பி வாங்கி மாத்திக் குடுத்துச்சு. அந்தக் காய்ல இருந்த விதையை எல்லாம் எடுத்துக் குளிர்பெட்டியில வச்சிருக்கிறதா இவருகிட்ட சொல்லிச்சு, ஆறுதலுக்கு. "முளைச்சாப் பூக்கும். பூத்தா யாரும்மா வருவா?"ன்னு கேட்டாராம். கொஞ்ச நாள்ல அந்தப் பொண்ணு வேற ஊருல வேலை கிடைச்சுப் போயிடுச்சு. போறப்ப என்கிட்ட வந்து, மிச்சம் இருந்த நெட்டுப் பையை எல்லாம் திருப்பிக் குடுத்துட்டுப் போச்சு. அதை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?

மண்ணு அள்ளுற மிஷின் வந்து புதரை வாரினப்ப இவரு அங்க நின்னாரு. நான் வீட்டுல இருங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கேக்கல. ஒரு காலையிலயே முடிச்சுட்டாங்களாம். சரளைக்கல்லைக் கொட்டி, கோடு போட்டு, வண்டி நிறுத்துற இடம் ஆயிடுச்சு. பழைய ஆளாச்சேன்னு இயக்குநர் இரக்கப்பட்டு இவருக்கே அங்க காவல் வேலை போட்டுக் குடுத்தாரு. அதே இடம், அதே பிளாஸ்டிக் ஸ்டூல். கையில அட்டை, அட்டையில தாள், தாள் பூரா கட்டம். எந்த வண்டி எப்ப வந்துச்சுன்னு எழுதணும். நீல நிறத்துல சட்டை குடுத்திருக்காங்க, பளிச்சுனு இருக்கு. கேட்காரன் இன்னமும் சைபர்னுதான் கூப்பிடுறான்.

நான் வாசனை சோப்பு ஒண்ணு வாங்கி வச்சேன். ஒரு வார்த்தையாச்சும் திட்டுவாருன்னு பாத்தேன். எடுத்துப் பிரிச்சுப் போட்டுக் குளிச்சுட்டு வந்தாரு. தலைக்கு எண்ணெயும் வச்சுக்கிட்டாரு. அன்னைக்கு நான் மிஷின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கிட்டு உக்காந்துட்டேன்.

அந்தக் கேள்வியை நான் கேக்குறதையே விட்டுட்டேன். போன வாரம் ஒருநாள், அவசரமா ஒரு துணி தைச்சுக்கிட்டிருந்தேன். வாசல்ல செருப்பு கழட்டுற சத்தம். பழக்கதோஷம், தலையைத் தூக்காமலே வாயில வந்துடுச்சு.

"ஏதாச்சும் வந்துச்சா?"

கேட்டதுக்கப்புறம் நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். மிஷினை நிறுத்திட்டுப் பாத்தேன். அவரு ஒரு செருப்பைக் கையில பிடிச்சபடி நின்னுக்கிட்டிருந்தாரு.

"வந்துச்சு"ன்னாரு. "காலையிலேர்ந்து வந்துக்கிட்டே இருந்துச்சு. ஒரு கட்டம்கூடக் காலியில்ல."

செருப்பை ஓரமா வச்சுட்டு உள்ள போயி கை கழுவுனாரு. சோப்பு வாசனை மிஷின் வரைக்கும் வந்துச்சு.